பாம்புக்கடிக்கு மூலிகை: சோதித்துப் பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்தியல், சித்த மருத்துவம், தாவரவியல் படிக்கும் ஆய்வு மாணவர்களுக்கும், தங்களிடம் உள்ள மூலிகையைச் சோதனைக்குக் கொடுக்க முன்வரும் வைத்தியர்களுக்கும் எழுதப்பட்டது இது. பாம்பு கடித்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால் படிப்பதை நிறுத்துங்கள். 108-ஐ அழையுங்கள். முதல் கேள்விக்கான பதிலை மட்டும் பாருங்கள்.

கடிபட்டவருக்குப் பாம்புக்கடி மூலிகை ஏதாவது ஒன்றை இப்போதே கொடுக்கலாமா?

கூடாது. வாய்வழியாக எதுவும் வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன் விஷத்தில் இமை சரிந்த கொஞ்ச நேரத்திலேயே தொண்டைத் தசைகளும் தளர்ந்துவிடும். அந்த நேரத்தில் வாயில் ஊற்றும் சாறு வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாயில் இறங்கும். விஷத்தைத் தாங்கியிருக்கக்கூடியவர் பச்சிலைச் சாற்றால் மூச்சடைத்துப் போகலாம்.

செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். கடிபட்ட கை அல்லது காலை, எலும்பு முறிந்தால் கட்டுவதுபோல் மட்டையோ குச்சியோ வைத்து அசையாமல் கட்டுங்கள். மோதிரம், மெட்டி, கொலுசு, வளையல், காப்புக் கயிறு எல்லாவற்றையும் வீக்கம் வருவதற்கு முன்பே கழற்றுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, சுடுவது எதுவும் வேண்டாம். விஷமுறிவு ஊசியும் செயற்கை சுவாசக் கருவியும் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். பாம்பைத் தேடி அடித்து எடுத்துப்போக வேண்டியதில்லை.

விஷமுறிவு ஊசி இருக்கும்போது மூலிகையைச் சோதிப்பது எதற்கு?

ஊசிக்கு எட்டாத இடங்கள் இருக்கின்றன. இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து குதிரையிலிருந்து பெறப்படுவது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்துக்கு எதிராக மட்டுமே தயாரிக்கப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் உள்ள, மூக்கு நுனி தூக்கியிருக்கும் குழிவிரியனின் விஷத்துக்கு அதில் பதில் இல்லை. அந்த நான்கு பாம்புகளுக்குள்ளும் வட்டாரத்துக்கு வட்டாரம் விஷம் மாறுகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் குழுவின் ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டியுள்ளன.

கடிவாயைச் சுற்றித் தசை அழுகுவதையும் ஊசி பெரிதாகத் தடுப்பதில்லை. ஊசியில் உள்ள, விஷத்தைப் பிடிக்கும் எதிர்ப்புரதம் பெரிய மூலக்கூறு என்பதால் இரத்தத்திலிருந்து தசைக்குள் மெதுவாகத்தான் நுழைகிறது. கட்டுவிரியன் விஷம் நரம்பு முனைக்குள் நுழைந்து அதைச் சிதைத்துவிட்ட பிறகு எத்தனை குப்பி ஏற்றினாலும் நரம்பு தானாக வளர்ந்து ஆற வேண்டும். ஒவ்வாமை அபாயம், குளிர்ச்சேமிப்பு, ஊரிலிருந்து மருத்துவமனை வரையிலான தூரம் ஆகியவையும் உண்டு.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. கடிபட்டவுடன் வீட்டிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ விழுங்கக்கூடிய, தசைக்குள் விரைந்து பரவும் சிறு மூலக்கூறு கிடைத்தால் அது பெரிய உதவி. வரெஸ்பிளாடிப் என்ற செயற்கை மருந்து அந்த இலக்கோடுதான் இந்தியாவிலும் அமெரிக்காவிலும் இரண்டாம் கட்டச் சோதனைக்குப் போனது. முதன்மை இலக்கை அது எட்டவில்லை. ஆனால் கடிபட்ட 5 மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களிடம் சாதகமான அறிகுறி தெரிந்தது. மூலிகையிலிருந்து வரும் எந்த மூலக்கூறும் இதே பாதையில்தான் நடந்தாக வேண்டும்.

எங்கள் வைத்தியரிடம் வந்த ஆயிரம் பேர் பிழைத்திருக்கிறார்கள். அது சான்று இல்லையா?

வைத்தியரின் நேர்மையில் நமக்குச் சந்தேகம் இல்லை. அந்தக் கணக்குதான் போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்குச் சுமார் 54 லட்சம் பாம்புக்கடிகள் நடக்கின்றன. விஷம் ஏறுவது 18 முதல் 27 லட்சம் பேருக்குத்தான். மீதிப் பேரைச் சாரை, தண்ணீர்ப்பாம்பு, கொம்பேறி மூக்கன் போன்றவை கடித்திருக்கும், அல்லது விஷப்பாம்பே விஷத்தை இறக்காமல் கடித்திருக்கும். இவர்கள் வெந்நீர் குடித்திருந்தாலும் பிழைத்திருப்பார்கள். விஷம் ஏறியவர்களிலும் எல்லோரும் இறப்பதில்லை. மறுபக்கம், வைத்தியரிடமிருந்து கிளம்பி வழியிலோ வீட்டிலோ இறந்தவர் அந்த ஆயிரத்தில் வரவே மாட்டார்.

சான்றாக வேண்டுமென்றால் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு பதிவு வேண்டும்: கடிபட்ட நேரம், வந்த நேரம், பாம்பின் படமோ அடையாளமோ, வீக்கம் எந்த மூட்டு வரை, இமை சரிந்திருந்ததா, இரத்தம் 20 நிமிடத்தில் உறைந்ததா, சிறுநீரின் நிறம், மறுநாளும் ஏழாம் நாளும் நிலைமை. விஷம் ஏறியது உறுதியானவர்களை மட்டும் தனியே எண்ண வேண்டும்.

சிறியாநங்கை கசந்தால் விஷம் இல்லை, இனித்தால் ஏறிவிட்டது என்கிறார்களே?

மிளகு, மிளகாய், வேப்பிலை வைத்தும் இதையே செய்கிறார்கள். இதை நம்பி முடிவெடுக்கக் கூடாது. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் தூங்குபவரைக் கடிக்கும். கடித்த தடமும் வலியும் இல்லாமல் வயிற்றுவலியோடு எழுந்து உட்காருவார். நாக்கு சரியாகத்தான் இருக்கும், இலை கசக்கும். சில மணி நேரம் கழித்து இமை சரியும், பிறகு மூச்சு நிற்கும். "கசக்குது, பயமில்லை" என்று திருப்பி அனுப்பிய அந்தச் சில மணி நேரம் திரும்பக் கிடைக்காது.

எந்தச் செடிகளில் கொஞ்சமாவது ஆய்வு நடந்திருக்கிறது?

நன்னாரி வேரில் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் ஆன்டனி கோம்ஸ் குழு நீண்ட காலம் வேலை செய்தது. வேரிலிருந்து பிரித்த 2-ஹைட்ராக்சி-4-மெத்தாக்சி பென்சாயிக் அமிலம் விரியன் விஷத்தின் சில விளைவுகளைக் குறைத்தது, விஷமுறிவு மருந்தோடு சேரும்போது அதற்குத் துணை நின்றது என்பது அவர்கள் முடிவு. கரிசலாங்கண்ணியை 1989-இல் பிரேசில் ஆய்வாளர்கள் தென் அமெரிக்கக் கிலுகிலுப்பைப் பாம்பின் விஷத்துக்கு எதிராகச் சோதித்தார்கள். அதில் உள்ள வெடலோலாக்டோன் தசைச் சிதைவைக் குறைத்தது. நைஜீரியாவின் பீடபூமி மாநிலத்தில் பூனைக்காலி விதையை முன்கூட்டியே விழுங்கும் வழக்கம் உண்டு. விதையின் கிளைக்கோபுரதம் உடலில் உண்டாக்கும் எதிர்ப்புரதம் அங்குள்ள விரியன் விஷத்தையும் பிடிக்கிறது என்று சுண்டெலிகளில் கண்டார்கள். இது தடுப்பு முறை, கடித்த பிறகு கொடுக்கும் சிகிச்சை அல்ல. இரண்டையும் குழப்பிவிடக் கூடாது.

புளியங்கொட்டை, நொச்சி, நெல்லி, நிலவேம்பு, தும்பை ஆகியவற்றிலும் கட்டுரைகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை விஷத்தையும் சாற்றையும் முன்பே கலந்து வைத்துச் செய்தவை. அதன் பொருள் என்ன என்று கீழே பார்ப்போம்.

செடியைச் சேகரிக்கும்போது கவனிக்க வேண்டியது?

முதலில் பெயர். சிறியாநங்கை என்று ஓர் ஊரில் நிலவேம்பைக் காட்டுவார்கள், இன்னோர் ஊரில் வேறு குடும்பத்துச் செடியைக் காட்டுவார்கள். பூவும் காயும் உள்ள கிளையை அழுத்திக் காயவைத்து உலர்தாவரத் தாளாக்கி, கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் அளவாய்வுத் துறையின் தென்மண்டல மையத்திலோ திருச்சி ராபினட் ஹெர்பேரியத்திலோ அடையாளம் உறுதிசெய்து, தாள் எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். எண் இல்லாத செடியின் முடிவை வேறு யாரும் திரும்பச் செய்து பார்க்க முடியாது.

எந்த ஊர், எந்த மாதம், பூப்பதற்கு முன்பா பின்பா, வேரா இலையா என்று குறியுங்கள். நாட்டு மருந்துக் கடையில் பொடியாக வாங்காதீர்கள். வேறு வேர் கலந்திருந்தால் பொடியில் கண்டுபிடிப்பது கடினம்.

சாறு எடுக்கும் முறை?

வைத்தியர் எப்படிக் கொடுக்கிறாரோ அந்த வடிவத்தை முதலில் சோதியுங்கள். அவர் பச்சை இலையை அரைத்துப் பிழிகிறார் என்றால், ஹெக்சேன் என்ற கரைப்பானில் எடுத்த சாற்றின் முடிவு அவர் மருந்தைப் பற்றி எதுவும் சொல்லாது. அதன் பிறகு ஆய்வகச் சாறு.

நிழலில் காயவைத்துப் பொடித்த 100 கிராமுக்கு 70 சதவீத எத்தனால் 1 லிட்டர் ஊற்றி, 48 மணி நேரம் குலுக்கியில் வையுங்கள். வடிகட்டி, 45 டிகிரிக்கு மேல் போகாமல் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, உறைநிலையில் உலர்த்துங்கள். கிடைத்த எடையைக் கட்டாயம் எழுதுங்கள். 8 கிராம் என்றால் விளைச்சல் 8 சதவீதம். பின்னால் மனித அளவைக் கணக்கிடும்போது இந்த எண் இல்லாமல் நகர முடியாது. கழித்தல் 20 டிகிரியில், சிறுசிறு குப்பிகளில், ஈரம் புகாமல் வைக்க வேண்டும்.

கரைத்ததும் அமிலத்தன்மையைப் பாருங்கள். புளியும் நெல்லியும் கரைசலின் பி.எச். அளவை 3-க்குக்கூட இறக்கிவிடும். அந்தப் புளிப்பிலேயே விஷத்தின் நொதிகள் வேலை செய்யாமல் போகும். 7.2 முதல் 7.4-க்குக் கொண்டுவந்த பிறகே சோதனை. டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானைச் சேர்த்துக் கரைத்தால் இறுதிக் கலவையில் அது 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சாறு இல்லாமல் டி.எம்.எஸ்.ஓ. மட்டும் சேர்த்த குழாய் ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

விஷத்தை எங்கே பெறுவது?

மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில். 1978-இல் தொடங்கியது. இருளர்கள் பிடித்துவரும் பாம்புகளைப் பானைகளில் சில வாரம் வைத்திருந்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது இந்தத் தொழில் அறிவுக்குத்தான். தனியாரிடம் பாம்பு வாங்குவதும் நீங்களே பிடிப்பதும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

உலர்ந்த விஷம் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ மின்னும் தூள். குப்பியைத் திறக்கும்போது காற்றில் பறக்கும். கண்ணிலோ மூக்கிலோ பட்டால் ஒவ்வாமை வரும். கையுறை, கண்ணாடி, முகக்கவசம் கட்டாயம். தூளாக எடை போட்டு அள்ளுவதைவிட, மூடியைத் துளைத்து உப்பு நீரை உள்ளே செலுத்திக் கரைப்பது பாதுகாப்பு. கரைத்தபின் புரத அளவை அளந்து, சிறு பங்குகளாகப் பிரித்து உறையவையுங்கள். ஒரு பங்கை உருக்கினால் திரும்ப உறையவைக்காதீர்கள், வீரியம் குறையும். அப்போது சாறுதான் விஷத்தை அடக்கியது என்று தவறாக நினைத்துவிடுவீர்கள்.

குழாயில் விஷம் முழுவதும் அடங்கிவிட்டது. இது வெற்றிதானே?

பெரும்பாலும் இல்லை. இந்தத் துறையில் மிக அதிகம் பேரை ஏமாற்றியது இந்த இடம்தான்.

கண்ணாடிக் குழாயில் ஒரு மி.லி.க்கு ஒரு மி.கி. வீதம் விஷக் கரைசல் எடுங்கள். தண்ணீர்போல் தெளிந்திருக்கும். அதில் மருதம்பட்டைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். முதல் சொட்டு விழுந்த இடத்தில் பால் திரிந்ததுபோல் ஒரு இழை தெரியும். சில நிமிடங்களில் குழாய் முழுக்கக் கலங்கி, பழுப்புத் திப்பியாக அடியில் படியும். மேலே நிற்கும் நீரை எடுத்து எந்தச் சோதனை செய்தாலும் விஷம் இல்லை என்றே வரும். நடந்தது என்னவென்றால், பட்டையில் உள்ள டானின் புரதத்தோடு ஒட்டி அதைத் திப்பியாக்கிவிட்டது. தோல் பதனிடும் தொட்டியில் ஆவாரம்பட்டை தோலுக்குச் செய்வதும் இதுதான்.

உடம்புக்குள் இது நடக்காது. இரத்தத்தின் ஒவ்வொரு மி.லி.யிலும் விஷத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு ஆல்புமின் என்ற புரதம் இருக்கிறது. டானினுக்கு விஷம் என்றும் ஆல்புமின் என்றும் பேதம் தெரியாது. வாய்வழியாகக் கொடுத்தால் பெரும்பகுதி குடலைத் தாண்டி இரத்தத்துக்குப் போவதே இல்லை.

ஆகவே நான்கு ஒப்பீட்டுக் குழாய்கள் இல்லாமல் எந்தக் குழாய்ச் சோதனையையும் நம்பாதீர்கள். ஒன்று, கடையில் வாங்கும் சுத்தமான டானிக் அமிலம் சேர்த்த விஷம். உங்கள் சாறு இதைப்போலவே நடந்துகொண்டால் எச்சரிக்கை. இரண்டு, பாலிவினைல்பாலிபைரோலிடோன் தூளோடு கலக்கிச் சுழற்றி டானினை நீக்கிய சாறு. நீக்கியபின் வேலை செய்யவில்லை என்றால் கதை அங்கே முடிந்தது. மூன்று, ஆல்புமின் 4 சதவீதம் சேர்த்த கலவை. இரத்தத்தில் இருக்கும் அளவு ஏறத்தாழ அதுதான். நான்கு, கால்சியம் குளோரைடு கூடுதலாகச் சேர்த்த கலவை. விஷத்தில் உள்ள பாஸ்போலிபேஸ் ஏ2 நொதிக்குக் கால்சியம் வேண்டும், இரத்தம் உறையவும் வேண்டும். கீரைகளின் ஆக்சலேட்டு கால்சியத்தைப் பிடித்துக்கொண்டாலே இரண்டும் நின்றுவிடும். விஷத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எந்தப் பாம்புக்கு எந்தக் குழாய்ச் சோதனை?

விரியன்களுக்கு உறைதல் சோதனை. சிட்ரேட் சேர்த்த மனித பிளாஸ்மா 0.2 மி.லி.யை 37 டிகிரியில் வைத்து, 50 மைக்ரோலிட்டர் விஷக் கரைசல் சேர்த்து, 60 விநாடியில் உறையவைக்கும் மிகக் குறைந்த அளவைக் கண்டறியுங்கள். பிறகு சாறு சேர்த்துப் பாருங்கள். அதே நேரத்தில் விஷத்துக்குப் பதில், இரத்தத்தை உறையவைக்கும் நொதியான திராம்பின் போட்டும் பாருங்கள். சாறு திராம்பினையும் தாமதப்படுத்தினால் அது விஷத்தைத் தடுக்கவில்லை, இரத்தம் உறைவதையே தடுக்கிறது. இரத்தம் உறையாமல் தவிக்கும் கண்ணாடி விரியன் நோயாளிக்கு அதைக் கொடுப்பது ஆபத்து.

நல்ல பாம்பு, கட்டுவிரியனுக்குப் பாஸ்போலிபேஸ் சோதனை மட்டும் போதாது. நல்ல பாம்பின் விஷத்தில் உயிரை எடுப்பது பெரும்பாலும் நொதியல்லாத சிறிய நரம்பு நஞ்சுகள். அவற்றைப் பார்க்கக் கோழிக்குஞ்சின் கழுத்து நரம்பு–தசைத் துண்டைக் கரைசலில் தொங்கவிட்டு, மின் தூண்டலில் தசை இழுப்பதை அளக்க வேண்டும்.

கணினியில் மூலக்கூறைப் பொருத்திப் பார்ப்பதும், டி.பி.பி.எச். என்ற வேதிப்பொருளை வைத்து ஆக்சிஜனேற்றத் தடுப்பை அளப்பதும் பாம்புக்கடிக்கான சான்றல்ல. ஆய்வேட்டில் பக்கம் நிரப்ப மட்டுமே உதவும்.

சுண்டெலிச் சோதனையை எப்படி அமைப்பது?

நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி முதலில். உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல்படி 18 முதல் 20 கிராம் எடையுள்ள சுண்டெலிகள், ஒவ்வொரு அளவுக்கும் குறைந்தது 5. பாதி எலிகளைக் கொல்லும் அளவான எல்.டி.50-ஐ உங்கள் விஷத் தொகுதிக்கு நீங்களே கண்டறியுங்கள். பிறர் கட்டுரையில் உள்ள எண் வேறு வட்டாரப் பாம்பினுடையதாக இருக்கலாம். விஷம் கொடுப்பதற்கு முன் வலிநீக்கி கொடுக்க வேண்டும். இது கருணைக்கான விதி மட்டுமல்ல. வலியில் துடிக்கும் எலியின் முடிவுகள் சிதறிப்போகும். சாறே எலியை மயக்கி அசையாமல் வைத்தாலும் முடிவு மாறும் என்பதால், விஷமில்லாமல் சாறு மட்டும் பெறும் எலிகளும் வேண்டும்.

விஷமுறிவு மருந்தைச் சோதிக்கும் வழக்கமான முறையில் 3 முதல் 6 எல்.டி.50 விஷத்தை மருந்தோடு கலந்து, 37 டிகிரியில் 30 நிமிடம் வைத்து, சிரையில் செலுத்தி 24 மணி நேரம் பார்ப்பார்கள். வெவ்வேறு தொகுதிகளின் வீரியத்தை ஒப்பிட அது ஏற்றது. மூலிகைக்கு அந்த முறையை மட்டும் பயன்படுத்துவதுதான் பிழை. வயலில் பாம்பு கடிக்கும்போது விஷமும் இலைச்சாறும் அரை மணி நேரம் வெந்நீரில் சேர்ந்து ஊறிய பிறகா உடம்புக்குள் போகிறது?

அளவையும் பாருங்கள். எலிக்கு 20 மைக்ரோகிராம் விஷத்தோடு 10 மி.கி. சாறு கலந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். எடையில் 500 மடங்கு. இந்திய வழிகாட்டுதல்களில் கண்ணாடி விரியன் ஒரு கடியில் இறக்கும் விஷம் சராசரி 63 மி.கி. என்று கொள்கிறார்கள். அதே விகிதத்துக்கு 31 கிராமுக்கு மேல் உலர்சாறு வேண்டும், அத்தனையும் விஷத்தைத் தேடிப்போய்ச் சேர வேண்டும். ஒப்பீட்டுக்கு, விஷமுறிவு மருந்தின் 1 மி.லி. கண்ணாடி விரியனின் 0.6 மி.கி. விஷத்தை முறிக்கும். 10 மி.லி. குப்பிகள் பத்து சேர்ந்தால் 60 மி.கி.

சோதனை மூன்று படியாக இருக்கட்டும். முதலில் கலந்து வைத்து, அதுவும் டானின் நீக்கிய சாற்றோடு. இதில் தோற்றால் நிறுத்திவிடலாம், வீணாக எலிகளைக் கொல்ல வேண்டாம். அடுத்தது, ஒரே நேரத்தில் தனித்தனி இடங்களில்: விஷம் தொடைத் தசையில், சாறு வயிற்றறையில். கடைசியாக உண்மையான தேர்வு: விஷத்தைத் தசையிலோ தோலடியிலோ செலுத்தி, 15 நிமிடமும் 30 நிமிடமும் 60 நிமிடமும் கழித்து, மனிதர் எடுக்கும் அதே வழியில், குழல் மூலம் வாய்வழியாகச் சாறு. நான்கு கூட்டங்கள் வேண்டும்: விஷம் மட்டும், விஷமும் சாறும், விஷமும் குறைவான அளவு விஷமுறிவு மருந்தும், விஷத்தோடு சாறு, அதே குறைந்த அளவு விஷமுறிவு மருந்து இரண்டும். நான்காவது கூட்டம் மூன்றாவதைவிடத் தெளிவாக நன்றாக இருந்தால் உங்கள் மூலிகைக்கு எதிர்காலம் உண்டு. எந்தக் கூட்டத்து எலி எது என்று பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது.

இறப்பை மட்டும் எண்ணாதீர்கள். தோலுக்குள் 50 மைக்ரோலிட்டர் விஷம் செலுத்தி 2 முதல் 3 மணி நேரத்தில் தோலின் உள்பக்கத்தில் 10 மி.மீ. அகல இரத்தக்கசிவை உண்டாக்கும் அளவைக் கண்டு, சாறு அதைச் சுருக்குகிறதா என்று பாருங்கள். கடிவாய் அழுகலுக்கு இதுவும் மூன்றாம் நாள் புண் அளவும்தான் நெருங்கிய சோதனைகள். மூலிகைகள் உண்மையில் உதவினால் இங்கேதான் உதவும் என்பது எங்கள் கணிப்பு.

எலி இறந்துவிட்டது, ஆனால் 2 மணி நேரம் கூடுதலாகத் தாங்கியது. இது பயனா?

பயன்தான், மருத்துவமனை வரை போய்ச்சேரும் நேரம் அது. ஆனால் நேரத்தைத்தான் அளக்கப்போகிறோம் என்று சோதனைக்கு முன்பே எழுதிவைத்திருக்க வேண்டும். எல்லா எலிகளும் இறந்தபின் தேடிக் கண்டுபிடித்த ஆறுதலாக இருக்கக் கூடாது.

எலி அளவை மனித அளவாக எப்படி மாற்றுவது?

எலியின் மி.கி./கிலோ அளவை 12.3-ஆல் வகுங்கள். எலிக்கு 500 மி.கி./கிலோ என்றால் மனிதருக்குச் சுமார் 40. அறுபது கிலோ உள்ளவருக்கு 2.4 கிராம் உலர்சாறு. விளைச்சல் 8 சதவீதம் என்றால் 30 கிராம் காய்ந்த இலை. காய்ந்தால் ஐந்தில் ஒன்றாகும் இலை என்றால் பச்சையாக 150 கிராம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே பல கட்டுரைகளின் முடிவு நடைமுறைக்கு வராது என்று தெரிந்துவிடும். எலிக்கு ஊசியாகப் போட்ட அளவை மனிதருக்கு வாய்வழி அளவாக மாற்ற இந்தக் கணக்கு உதவாது.

மூலிகைதானே, பக்கவிளைவு என்ன இருக்கப்போகிறது?

ஈஸ்வரமூலியைப் பாருங்கள். பெருமருந்து என்ற பெயரே அதற்கு உண்டு. பாம்புக்கடி மூலிகைகளில் முதலில் சொல்லப்படுவது. அதில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் விரியன் விஷத்தின் பாஸ்போலிபேஸ் நொதியைத் தடுக்கும் என்பது உண்மை, நொதிக்குள் அது உட்கார்ந்திருக்கும் படிக அமைப்பே வெளிவந்திருக்கிறது. அதே அமிலம்தான் சிறுநீரகத்தை நிரந்தரமாகச் சுருங்கவைக்கிறது, சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயை உண்டாக்குகிறது. பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் உடல் மெலியும் மாத்திரைகளில் இது கலந்து பல பெண்கள் சிறுநீரகத்தை இழந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. கண்ணாடி விரியன் விஷமே சிறுநீரகத்தைத் தாக்குவது. அதன்மேல் இதைக் கொடுப்பது எரியும் வீட்டில் எண்ணெய் ஊற்றுவதாகும். சோதனைப் பட்டியலிலிருந்தே இதை நீக்கிவிடுங்கள்.

சர்ப்பகந்தியில் உள்ள ரெசர்பின் இரத்த அழுத்தத்தை இறக்கும். விரியன் கடியில் ஏற்கெனவே அழுத்தம் விழுந்துகொண்டிருக்கும்.

மனிதர்களிடம் சோதிக்க முடியுமா?

முடியும், ஒரே ஒரு வடிவத்தில்: எல்லோருக்கும் முழு அளவு விஷமுறிவு மருந்து, அதற்கு மேல் பாதிப் பேருக்கு மூலிகை, பாதிப் பேருக்கு அதே நிறமும் கசப்பும் உள்ள போலி. விஷமுறிவு மருந்தை நிறுத்திவைத்து மூலிகை மட்டும் கொடுக்கும் சோதனைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது, தரவும் கூடாது. விழுங்க முடியாதவர்களுக்கு வாய்வழி இல்லை என்பதும் திட்டத்திலேயே இருக்க வேண்டும்.

2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முன்பதிவு இரண்டும் கட்டாயம். தாவர மருந்து என்ற பிரிவில் போனால், சாற்றில் குறைந்தது நான்கு வேதிப்பொருள்களை அடையாளம் கண்டு, அவற்றின் அளவைத் தொகுதிக்குத் தொகுதி ஒரே சீராகக் காட்ட வேண்டும்.

அளப்பதற்கு எளிய ஒன்று 20 நிமிட உறைதல் சோதனை. சிரையிலிருந்து 2 மி.லி. இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, ஒருமுறை சாய்த்துப் பாருங்கள். ஓடினால் உறையவில்லை. பிளாஸ்டிக் குழாயில் நல்ல இரத்தமும் சரியாக உறையாது. சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியிலும் அப்படியே. பெரிய சோதனைகளையே தடம்புரள வைக்கும் சின்ன விஷயம் இது. உறைதல் திரும்பிய நேரம், தேவைப்பட்ட குப்பிகள், டயாலிசிஸ் நாட்கள், சுவாசக் கருவியில் இருந்த மணி நேரம், கடிவாயில் வெட்டி எடுக்க வேண்டிவந்த தசை ஆகியவை மற்ற அளவைகள். தமிழ்நாட்டில் 2024 நவம்பரிலிருந்து பாம்புக்கடி அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய் என்பதால், மாவட்ட வாரியான எண்ணிக்கையை வைத்து எத்தனை நோயாளிகள் கிடைப்பார்கள் என்று முன்கூட்டியே திட்டமிடலாம்.

வைத்தியர் தன் மருந்தைச் சொல்லிவிட்டால் அவருக்கு என்ன மிஞ்சும்?

இந்தப் பயம் நியாயமானது. சோதனை தொடங்கும் முன்பே எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் பயன்பகிர்வுக்கு வழி வைத்திருக்கிறது. அகத்தியமலைக் காணிக்காரர்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சையிலிருந்து வந்த ஜீவனி மருந்துக்கு, திருவனந்தபுரத்துத் தாவரவியல் தோட்ட நிறுவனம் உரிமக் கட்டணத்திலும் உரிமத்தொகையிலும் பாதியைக் காணி மக்களுக்குத் தந்தது. ஒப்பந்தத்தில் செடியின் பெயர், பயன்படும் உறுப்பு, பக்குவம், சொன்ன தேதி நான்கும் இருக்கட்டும். கட்டுரையில் அவர் பெயர் வர வேண்டுமா வேண்டாமா என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.

முடிவு எதிர்மறையாக வந்தால் வெளியிட வேண்டுமா?

கட்டாயம். "கலந்து வைத்தபோது 5 எலியில் 5 பிழைத்தன, 30 நிமிடம் கழித்து வாய்வழியாகக் கொடுத்தபோது ஒன்றும் பிழைக்கவில்லை" என்ற ஒரு வரி, அதே செடியில் அடுத்த கல்லூரி மூன்றாண்டைச் செலவிடாமல் காப்பாற்றும். செடியின் தாள் எண், விளைச்சல், விஷம் வந்த வட்டாரம், எல்.டி.50, டானின் நீக்கும் முன்னும் பின்னும் கிடைத்த எண்கள், கொடுத்த வழி, தாமதம் ஆகியவற்றை முழுதாகக் கொடுங்கள். சோதனை முடிந்ததும், செடியைக் கொடுத்த வைத்தியரிடம் நேரில் போய், தமிழில், அந்த எண்களைக் காட்டி விளக்குங்கள். அடுத்த பருவமழையில் அவர் வாசலுக்குக் கடிபட்டவர்கள் வருவார்கள். வருகிறவரை உட்காரவைத்து மருந்து அரைப்பதா, உடனே வண்டியில் ஏற்றுவதா என்பதை அவர்தான் முடிவு செய்யப்போகிறார்.